பாதிரியாரின் ஊர்கள்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மகளைப் பார்க்க லண்டன் போகிறேன். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் ஒருவர் இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்தார் என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அவர் வாழ்ந்த ஊர்களைப் பார்க்க ஆசை. யாரைக் கேட்டாலும் சல்கிரேவ் மாளிகையைத்தான் சொல்கிறார்கள். அது ஒன்றைப் பார்த்தால் போதுமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

சல்கிரேவ் அழகான வீடுதான். ஆனால் அது பாதிரியாரின் கொள்ளுத்தாத்தா கட்டியது. நார்தாம்ப்டனில் கம்பளி வியாபாரம் செய்தவர், 1539-ல் அந்த நிலத்தை வாங்கினார். அவர் பெயரும் லாரன்ஸ், பாதிரியாரின் அப்பா பெயரும் லாரன்ஸ், பாதிரியாரும் லாரன்ஸ். போகுமுன் ஒரு தாளில் வம்சாவளியை எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தலை சுற்றும். நம் ஆள் ஜார்ஜுக்கு எள்ளுத்தாத்தா.

அவரைத் தேடுவதென்றால் எஸ்ஸெக்ஸுக்குப் போக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்னோஸ் கல்லூரியில் ‘ஃபெல்லோ’வாக, அதாவது கல்லூரியின் ஆசிரியர் குழுவில், இருந்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பதவியில் இருந்துகொண்டு கல்யாணம் செய்ய முடியாது. அதை விட்டுவிட்டு 1633-ல் பர்லி என்ற கிராமத்துக்குக் குருவாக வந்தார். நல்ல வருமானமுள்ள இடம். பத்து வருடம் ஓடியது. 1643-ல், உள்நாட்டுப் போர் நடக்கும்போது, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று நூறு பாதிரியார்களின் பட்டியலை நாடாளுமன்றத் தரப்பு அச்சிட்டது. அதில் இவரும் இருந்தார். தினமும் மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார், மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. நான் இதை அப்படியே நம்ப மாட்டேன். அரசர் பக்கம் நின்ற குருமார்களை வெளியேற்ற ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர் நிதானமான மனிதர் என்று பிற்பாடு சாட்சி சொன்னவரும் உண்டு.

அப்புறம் கிடைத்தது லிட்டில் பிராக்ஸ்டெட், சொற்ப வருமானமுள்ள சின்னக் கோயில். 1653 ஜனவரியில் மால்டனில், ஆல் செயின்ட்ஸ் கோயிலில் அடக்கம். பழைய பதிவில் 1652 என்று பார்த்தால் பிழை என்று நினைக்காதீர்கள். அங்கே அப்போது மார்ச் 25-ல்தான் ஆண்டு பிறந்தது. அந்தக் கோயிலின் கோபுரம் முக்கோண வடிவம், அதற்காகவே பார்க்கலாம். உள்ளே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, 1928-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் ஊர்க்காரர்கள் கொடுத்தது.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் இது எதுவும் இல்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ட்ரிங். அப்பா பர்லியில் குருவாக இருக்க, பிள்ளைகளின் ஞானஸ்நானம் ட்ரிங்கில் பதிவாகியிருக்கிறது. அம்மா ஆம்ஃபிலிஸின் வீட்டார் இருந்த ஊர் அது. அம்மாவை அடக்கம் செய்ததும் அங்கேதான். இது தெரியாமல் நூறு வருடம் எல்லோரும் வேறு குடும்பத்தின் பின்னால் அலைந்தார்கள். 1791-ல் ஐசக் ஹேர்ட் என்ற அரச மரபுப் பதிவாளர் ஜார்ஜ் வாஷிங்டனிடமே முன்னோர் விவரம் கேட்டார். ‘நான் இதில் அதிகம் கவனம் செலுத்தியதில்லை’ என்கிற தோரணையில் பதில் வந்தது. நாட்டை நிறுவியவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்! ஹேர்ட் அதே பெயர்கள் கொண்ட இன்னொரு வாஷிங்டன் குடும்பத்தை இணைத்துவிட்டார். 1866-ல் செஸ்டர் என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் அது தப்பு என்று காட்டினார். சரியான முன்னோர் நம் பாதிரியார்தான் என்று வாட்டர்ஸ் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் 1889-ல் உறுதிப்படுத்தினார். அவருக்கு வழிகாட்டியவற்றில் ட்ரிங்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங்கின் உயிலும் ஒன்று. நோலிங் ஆம்ஃபிலிஸின் மாற்றாந்தந்தை. சொத்தைத் தன் ஞானமகனும் பாதிரியாரின் மகனுமான குட்டி லாரன்ஸுக்கு எழுதியிருந்தார் (ஆமாம், இன்னொரு லாரன்ஸ்).

பாதிரியாரின் மூத்த மகன் ஜான்தான் புகையிலை ஏற்றப் போன கப்பலில் வர்ஜீனியா சென்றவர். திரும்பும்போது கப்பல் பொடோமாக் ஆற்றில் தரைதட்டியது. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

ஒரு நாளில் லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறி விட்டம் (Witham) என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து மால்டனையும் பர்லியையும் பாருங்கள். ட்ரிங்குக்கு லண்டனின் யூஸ்டன் நிலையத்தில் ஏற வேண்டும், அது இன்னொரு நாள். சல்கிரேவ் மூன்றாவது நாளுக்கு, அதுவும் மகள் கார் ஓட்டினால்.