டீசல் பம்பின் கார்பன் செலவு: எந்த எண்ணை எடுப்பது?

வணக்கம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் பக்கம் உங்கள் ஊராட்சியில் டீசல் பம்புக்குப் பதில் சூரிய மின் பம்பு வைக்கத் திட்ட அறிக்கை எழுதுவதாகவும், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு உலகுக்கு விளைவிக்கும் சேதத்தின் விலையை 51 டாலர் என்று எடுப்பதா 190 டாலர் என்று எடுப்பதா எனக் குழம்புவதாகவும் கேட்டிருந்தீர்கள்.

இரண்டுமே அமெரிக்க அரசு முன்பு வெளியிட்ட எண்கள்தாம். 51 என்பது 2021-இல் வந்த இடைக்கால மதிப்பு. 190 என்பது 2023-இல் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்தது. சேதத்தை மதிப்பிடும் முறையும் இடையில் மாறியது. ஆனால் உயிர்நாடி தள்ளுபடி விகிதம், அதாவது எதிர்கால நஷ்டத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுதோறும் குறைக்கும் சதவீதம்: முன்னதற்கு 3 சதவீதம், பின்னதற்கு 2. நூறு ஆண்டு கழித்து வரும் 1,000 ரூபாய் நஷ்டம் 2 சதவீதத்தில் இன்றைக்கு 138 ரூபாய். 3 சதவீதத்தில் 52. 7 சதவீதம் போட்டால் ஒரு ரூபாய்ச் சொச்சம்! பேரப்பிள்ளைகளின் நஷ்டத்தை ஒரு ரூபாயாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது, வெள்ளத்தின் விலை என்ன என்று நாம் பார்த்தோமே.

கணக்கு எளிது. லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 1,000 லிட்டர் என்றால் 2.7 டன், அதாவது சுமார் 138 டாலர் அல்லது 513 டாலர். இரண்டையும் அவற்றின் தள்ளுபடி விகிதத்தோடு காட்டுங்கள். ஆனால் டீசலில் மிச்சமாகும் பணத்தோடு இதைக் கூட்டிவிடாதீர்கள்; இது ஊராட்சிக் கணக்கில் வரவாகும் பணம் அல்ல, உலகம் முழுவதும் தவிர்க்கப்படும் சேதம். தனி வரியில் எழுதினால் தணிக்கையில் கேள்வி வராது.