புல் இருந்தவரை: கிரிமிய கானரசு பற்றிச் சில கேள்விகள்

கருங்கடலின் வடகரையில் இருக்கும் கிரிமியத் தீபகற்பத்தைத் தாத்தார்கள் 1783 வரை ஆண்ட அரசு கிரிமிய கானரசு. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்கள் நாக்கைச் சுளுக்கவைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தார்கள் மங்கோலியர்களா, துருக்கியர்களா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

குழப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தாத்தார் என்பது முதலில் மங்கோலியப் புல்வெளியில் இருந்த ஒரு குலம். செங்கிஸ் கானின் அப்பாவுக்கு விஷம் வைத்தவர்கள் என்று மங்கோலியர்கள் வஞ்சம் வைத்திருந்த குலம். 1202இல் செங்கிஸ் அவர்களைத் தோற்கடித்து, ஆண்களைக் கொன்று குவித்தார். ஆனால் அவருடைய பேரன் பாத்து மேற்கே படையெடுத்துப் போனபோது ரஷ்யர்கள் அந்தப் படையையே தாத்தார் என்று அழைத்தார்கள். தாத்தா அழித்த பகைவரின் பெயர் பேரன் மேல் ஒட்டிக்கொண்டது! பாத்துவின் படையில் தலைமை மங்கோலியர்களிடம். ஆட்களில் பெரும்பாலோர் கிப்சாக் துருக்கியர்கள். சில தலைமுறைகளில் தலைவர்களும் துருக்கிய மொழிக்கு மாறி, முஸ்லிம்களாகிவிட்டார்கள். ஆக, கிரிமிய கான்கள் வம்சத்தால் செங்கிஸ் வழி, பேச்சால் துருக்கியர்கள்.

'ஹோர்டு' என்ற சொல்லும் நம்மூர் 'உருது'வும் உறவா? (வாசகி, ஆம்பூர்)

உறவுதான். இரண்டுக்கும் வேர் 'ஓர்து', அதாவது பாளையம், படைமுகாம். முகலாயர்களின் பாளையத்தை ஒட்டி வந்த பெயர் ஒரு மொழிக்கு ஆனது. வோல்கா ஆற்றங்கரையில் அதே சொல் தங்க ஓர்தா (ஆங்கிலத்தில் கோல்டன் ஹோர்டு) என்ற பேரரசுக்கே பெயரானது.

இந்தக் கானரசு எப்படித் தொடங்கியது? யாரும் போரிட்டுப் பிடித்ததாகத் தெரியவில்லையே? (வாசகர், திருநெல்வேலி)

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பெரிய வீடு இடிந்தபோது ஓர் அறையில் இருந்தவர்கள் தனிக்குடித்தனம் போன கதை இது.

பாத்துவின் வாரிசுகள் ஆண்ட தங்க ஓர்தாவை 1395இல் தைமூர் நொறுக்கினார். தலைநகர் சராய் எரிந்தது. (அதே தைமூர்தான் மூன்றே வருடம் கழித்து டெல்லிக்கு வந்தார்.) அப்புறம் அந்த அரசு நிமிரவே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் கசான், அஸ்திரகான், கிரிமியா என்று துண்டு துண்டாகப் பிரிந்தது. கிரிமியாவை எடுத்துக்கொண்டவர் ஹாஜி கிராய். லித்துவேனிய அரசின் ஆதரவோடு வந்து, 1441இல் தன் பெயரில் நாணயம் அடித்தார். தனியரசு பிறந்துவிட்டது என்பதற்கு அந்த நாணயம்தான் நம் கையில் இருக்கும் சாட்சி.

அவரிடம் பெரும்படை இல்லை, குலம் இருந்தது. புல்வெளியில் ஒரு விதி உண்டு: செங்கிஸ் வழி வந்தவன் மட்டுமே கான் ஆகலாம். தைமூரே இந்த விதியை மீறவில்லை. கடைசிவரை அமீர் என்றே இருந்தார். ஆனால் கான் ஆகப் பிறந்தால் மட்டும் போதாது. ஷிரின், பாரின், அர்கின், கிப்சாக் என்ற பெருங்குலங்களின் தலைவர்களான பேய்களும் சம்மதிக்க வேண்டும். (பேய் என்றதும் பயப்படாதீர்கள், அது பட்டப்பெயர்.) நிலமும் ஆட்களும் அவர்கள் கையில். கிரிமியா என்றாலே 'கான் சொன்னால் முடிந்தது' என்று நினைப்பவர்கள் இந்தப் பேய்களை மறந்துவிடுகிறார்கள்.

கிரிமியா துருக்கி சுல்தானின் பொம்மை அரசுதானே? (வாசகர், சென்னை)

பாதி சரி. 1475இல் துருக்கி சுல்தானின் ஒட்டோமான் கடற்படை வந்து, ஜெனோவா வணிகர்கள் வைத்திருந்த கஃபா துறைமுகத்தைப் பிடித்தது. ஹாஜியின் மகன் மெங்லி கிராய் கைதியாக இஸ்தான்புல் போய், 1478இல் சுல்தானின் ஆளாகத் திரும்பி வந்தார். அதிலிருந்து கானை நியமிப்பதும் நீக்குவதும் சுல்தான் கையில். ஆனால் கிராய் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை அந்த இடத்தில் உட்காரவைக்கச் சுல்தானாலும் முடியவில்லை. கானுக்குத் தனி நாணயம் இருந்தது. மாஸ்கோவோடும் போலந்தோடும் அவர் தானே பேரம் பேசினார். 1502இல் தங்க ஓர்தாவின் மிச்சத்தைத் துடைத்தெறிந்தவரும் இதே மெங்லிதான். அப்போது அவருக்கு நண்பர் யார் தெரியுமா? மாஸ்கோவின் மூன்றாம் இவான்.

அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்களே? (வாசகி, யாழ்ப்பாணம்)

நழுவவில்லை. இதைச் சொல்லாமல் கிரிமியாவைப் பற்றிப் பேசவே முடியாது. இன்றைய உக்ரைன், போலந்து, தென்ரஷ்யக் கிராமங்களுக்குள் ஆண்டுதோறும் போல குதிரைப்படை பாய்ந்தது. ஆளுக்கு இரண்டு மூன்று குதிரை. ஒன்று களைத்தால் இன்னொன்றில் தாவுவார்கள். கோட்டைகளோடு மோதுவதில்லை. உள்ளே ஆழமாகப் போய், திரும்பும் வழியில் விசிறிபோல் பிரிந்து ஆட்களை அள்ளிக்கொண்டு, காவல்படை வருவதற்குள் புல்வெளியில் மறைந்துவிடுவார்கள். பிடிபட்டவர்கள் கஃபா சந்தையில் விற்கப்பட்டு இஸ்தான்புல்லுக்குக் கப்பலேறினார்கள். 1500க்கும் 1700க்கும் இடையில் இப்படிப் போனவர்கள் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சுலைமான் சுல்தானின் மனைவி ஹுர்ரெம் அந்தப் பக்கத்திலிருந்து அடிமையாக வந்தவர்தான். அரண்மனை வாய்த்தவர் அவர் ஒருவர், துடுப்பு வலித்தே செத்தவர்களுக்குப் பெயர் இல்லை.

ஆனால் கிரிமியத் தாத்தார் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மலையடிவாரத்தில் திராட்சையும் பழத்தோட்டமும் வளர்த்து, கிரேக்கர், ஆர்மீனியர், கராயிம் என்ற யூதப் பிரிவு மக்களோடு வாழ்ந்த குடியானவர்கள் ஏராளம். படையெடுப்பின் லாபம் பெரும்பாலும் பேய்களுக்கும் கஃபா வியாபாரிகளுக்கும் போனது.

மாஸ்கோவையே எரித்தார்களாமே? (வாசகர், ஈரோடு)

1571 மே மாதம். கான் தெவ்லெத் கிராய் புறநகரில் வைத்த தீ காற்றோடு சேர்ந்து, மரத்தால் கட்டிய மாஸ்கோவைச் சில மணி நேரத்தில் தின்றுவிட்டது. நான்காம் இவான் முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார். அடுத்த வருடமே தெவ்லெத் மறுபடி வந்தார். மாஸ்கோவுக்குத் தெற்கே மொலோதியில், சக்கரம் வைத்த மரச்சுவர்களுக்குப் பின்னாலிருந்து ரஷ்யர்கள் சுட்ட துப்பாக்கி அவரைத் திருப்பி அனுப்பியது. என்னைக் கேட்டால் 1571ஐவிட 1572தான் முக்கியமான வருடம்.

அவ்வளவு பலமான அரசு எப்படி வீழ்ந்தது? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

கிரிமியாவின் கோட்டை கல்லால் ஆனதல்ல, புல்லால் ஆனது. வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆளில்லாத புல்வெளி. அதைத் தாண்டினால், பெரெகோப் என்ற 7 கிலோமீட்டர் அகல நிலக்கழுத்து வழியாகத்தான் தீபகற்பத்துக்குள் நுழைய முடியும். 1687இல் ரஷ்யத் தளபதி கோலித்சின் பெரும்படையோடு வந்தார். வழியில் புல்வெளி எரிந்துகிடந்தது. குதிரைக்குத் தீனியில்லை, திரும்பினார். 1689இல் பெரெகோப் வரைக்கும் வந்தார். தண்ணீர் இல்லை, மறுபடியும் திரும்பினார்.

ரஷ்யா அந்தப் புல்வெளியை ஒரே போரில் ஜெயிக்கவில்லை, உழுதே தின்றது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பெல்கோரோத் அரண் எழுந்தது. மண்மேடு, மரவேலி, காவல் ஊர்கள்; அவற்றின் நிழலில் குடியானவர்களின் கலப்பை. அரண் தெற்கே நகர நகர, பாய்ந்து அள்ளும் போர்முறைக்கு இடம் சுருங்கியது. தாத்தார்களுக்கு மாஸ்கோ வருடாவருடம் கொடுத்துவந்த 'பரிசு' 1700 உடன்படிக்கையோடு நின்றது. கொள்ளையும் இல்லை, கப்பமும் இல்லை என்றால் கான் பேய்களுக்கு எதைப் பங்கு போடுவார்?

1736இல் மியூனிக் என்ற ரஷ்யப் படைத் தளபதி பெரெகோப்பை உடைத்து, பக்சிசராய் தலைநகரையே எரித்தார். நோயும் பட்டினியும் அவரைத் துரத்தின. ஆனாலும் பூட்டு உடைந்துவிட்டது. 1771இல் இன்னொரு தளபதி தோல்கொரூகோவ் வந்தபோது சில வாரங்களில் தீபகற்பம் முழுவதும் ரஷ்யர் கையில். ரஷ்யாவிடம் போரில் தோற்ற சுல்தான் 1774இல் கிரிமியா 'சுதந்திர நாடு' என்று கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு சுதந்திரத்தின் அர்த்தம் என்ன என்பது ஒன்பது வருடத்தில் தெரிந்துவிட்டது.

கடைசிக் கான் என்ன ஆனார்? (வாசகர், மதுரை)

ஷாஹின் கிராய். இளவயதில் பீட்டர்ஸ்பர்க் போய் கேத்தரீன் அரசியின் மதிப்பைப் பெற்றவர். ஐரோப்பிய பாணிப் படை, மையப்படுத்திய ஆட்சி என்று அவசரமாக இறங்கினார். இரண்டு முறை கலகம். இரண்டு முறையும் ரஷ்யப் படைதான் அவரைக் காப்பாற்றியது. 1778இல் கிரேக்கரும் ஆர்மீனியருமாக சுமார் 30,000 கிறிஸ்தவர்களை ரஷ்யா அசோவ் கரைக்குக் குடிபெயர்த்தது. கானின் வரி வருமானத்தில் பெரிய ஓட்டை. 1783 ஏப்ரலில் கிரிமியாவை இணைத்துக்கொண்டதாக கேத்தரீன் அறிவித்தார். ஷாஹின் பின்னர் ஒட்டோமான் நாட்டுக்குப் போனார். அங்கே 1787இல் ரோட்ஸ் தீவில் அவரைக் கொன்றார்கள்.

அந்த மக்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா? (வாசகி, கோயம்புத்தூர்)

இருக்கிறார்கள், சிறுபான்மையாக. 1783க்குப் பின் அலையலையாகத் துருக்கிக்குப் போனார்கள். மிஞ்சியவர்களில் 1,90,000 பேர் அளவுக்கு 1944 மே 18இல் ஸ்டாலின் ஆட்சி சரக்கு ரயிலில் ஏற்றி, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு நாடுகடத்தியது. 1980களின் கடைசியில்தான் பெருமளவில் ஊர் திரும்ப முடிந்தது.

பக்சிசராய் என்றால் என்ன அர்த்தம்? (வாசகர், ஓசூர்)

தோட்ட அரண்மனை. 'பக்சி' பாரசீக 'பாக்'கிலிருந்து வந்தது; பெங்களூரு லால்பாக்கில் இருக்கிற அதே பாக். 'சராய்' முகல்சராயில் இருக்கிற சராய். அந்த அரண்மனையில் 1764இல் கிரிம் கிராய் கட்டிய கண்ணீர் நீரூற்று ஒன்று இருக்கிறது. பளிங்குப் பூவிலிருந்து சொட்டும் நீர் கிண்ணத்துக்குக் கிண்ணம் இறங்குகிறது. இறந்துபோன தன் காதலி திலாராவுக்காக அவர் கட்டியது என்று சொல்வார்கள். 1769இல் கானரசின் கடைசிப் பெரும் படையெடுப்பை நடத்தியவரும் அவர்தான்.