விசையை இழுத்தும் சுடாத ஏர்சாஃப்ட் துப்பாக்கி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் கொடுத்துச் சென்ற, எம்-4 ராணுவத் துப்பாக்கி வடிவிலான, பிளாஸ்டிக் குண்டு சுடும் மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஒன்று என்னிடம் உள்ளது. வேலியிட்ட எங்கள் நிலத்தில் பலகை நட்டு, நண்பர்களுடன் குறிபார்த்துச் சுட்டுப் பழகி வந்தேன். தேர்வுகள் தொடங்கியதும் பீரோவில் வைத்தது. ஓராண்டுக்குப் பிறகு இப்போது எடுத்தால் விசையை இழுத்தும் சுடவில்லை. பேட்டரி 8.4 வோல்ட் நிக்கல் வகை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. கியர்பாக்ஸைப் பிரித்தால்தான் பழுது தெரியும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். பிரிக்கலாமா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். மோட்டாரின் சுழற்சியால் பிஸ்டனைப் பின்னிழுத்து விட்டு, காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் பெட்டி அது; உள்ளே ஸ்பிரிங் அழுத்தப்பட்டிருக்கும். பழக்கமில்லாதவர் திறந்தால் ஸ்பிரிங் ஒரு பக்கமும் வாஷர்கள் மறுபக்கமுமாகத் தெறித்துவிடும். தவிர, ஓராண்டு சும்மா கிடந்த துப்பாக்கியில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை பேட்டரியும் அதன் இணைப்புகளும்தான். இவை இரண்டும் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பவை.

விசையை இழுக்கும்போது என்ன ஓசை கேட்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது. குண்டு நிரப்பும் மேகசினைக் கழற்றி, குழலில் குண்டு ஏதும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணாடிக் கவசம் அணிந்து, துப்பாக்கியை மண்மேட்டை நோக்கிப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எந்த ஓசையும் இல்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே பழுது. ‘உம்ம்’ என்ற முனகல் மட்டும் கேட்டால் மின்சாரம் போகிறது, ஆனால் சக்கரங்கள் சுழலவில்லை. இந்த இரண்டாவது நிலையில் விசையை உடனே விட்டுவிட வேண்டும். சுழல முடியாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, சில நொடிகளில் கம்பிகளைச் சூடேற்றிவிடும்.

ஓசையே இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம். பாதுகாப்புப் பொத்தானைச் சரிபார்க்கச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆயினும் எம்-4 வடிவில் தேர்வுக் குமிழ், பாதுகாப்பு நிலைக்கும் ஒற்றைச் சுடு நிலைக்கும் நடுவே அரைகுறையாக நின்றால் விசை உள்ளே தடுக்கப்பட்டுவிடும். குமிழைத் தொடர் சுடு நிலைக்கு முழுவதுமாகத் திருப்பி இழுத்துப் பாருங்கள். பேட்டரி வலுவிழந்திருக்கும்போது ஒற்றைச் சுடு நிலையில் இழுத்தால் பிஸ்டன் பாதி வழியில் நின்று, விசைச் சுவிட்சும் துண்டித்த நிலையிலேயே சிக்கிக்கொள்வது உண்டு. நன்கு ஏற்றிய பேட்டரியை மாட்டித் தொடர் நிலையில் ஒருமுறை இழுத்தால் அந்தச் சுற்று நிறைவு பெற்று, துப்பாக்கி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது பேட்டரி. பச்சை விளக்கை நம்பாதீர்கள். மலிவான சார்ஜர்களில் பேட்டரியே மாட்டாவிட்டாலும் பச்சை எரிவது உண்டு. உங்கள் பேட்டரியில் 1.2 வோல்ட் செல்கள் ஏழு தொடராக இணைந்துள்ளன. முழுதாக ஏறியதும் மல்டிமீட்டரில் 9 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஆனால் சும்மா இருக்கும்போது சரியான அளவைக் காட்டும் பழைய பேட்டரி, வேலை கொடுத்ததும் படுத்துவிடும். ஆகவே இருசக்கர வாகனத்தின் 12 வோல்ட் முகப்பு விளக்கு பல்பு ஒன்றை அதனுடன் இணைத்து எரியவிட்டு, அப்போதே அளந்து பாருங்கள். சில நொடிகளுக்குள் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியில்தான் குறை. நிக்கல் வகையைக் குறைந்த மின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றினால் ஓரளவு உயிர் பெறலாம். பெறாவிட்டால் புதிது வாங்குவதே வழி.

பேட்டரி நன்றாக இருந்தால் இணைப்பானைப் பாருங்கள். இத்தகைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் காணப்படும் சிறிய வெள்ளை டாமியா இணைப்பானில், உலோக முள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பின்வாங்கிவிடுவது அடிக்கடி நிகழ்வது. வெளியிலிருந்து பார்த்தால் இணைந்தது போலவே தெரியும், உள்ளே தொடுகை இருக்காது. முள்ளை மூக்குக் குறடால் முன்னே இழுத்து நிறுத்தினால் போதும்.

பிறகு பியூஸ். பேட்டரி வைக்கும் இடத்துக்கு அருகிலேயே கண்ணாடிக் குழாய் வடிவிலோ, கார்களில் உள்ள தட்டை வடிவிலோ அது இருக்கும். சில மாடல்களில் இருக்காது. கண்ணாடி வழியே பார்த்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். எரிந்திருந்தால் அதில் பொறித்துள்ள அதே ஆம்பியருக்கே மாற்ற வேண்டும். வீட்டு மெயின் பெட்டியில் பியூஸ் போனதும் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிவிடுவது போல இங்கும் செய்தால், அடுத்த முறை எரிவது மோட்டாராகவோ, உங்கள் கையருகே உள்ள பேட்டரியாகவோ இருக்கும்.

இதுவரை எல்லாம் சரியென்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியின் அடித்தட்டைத் திறந்து மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் உருவுங்கள். பேட்டரியை மீண்டும் மாட்டி, கம்பி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு விசையை இழுங்கள். என் கருத்தில் முழுச் சோதனையிலும் மிகப் பயனுள்ள அளவீடு இதுதான். பேட்டரியின் அளவு அப்படியே அங்கு வந்தால் மோட்டார் பழுது. வராவிட்டால், கம்பி எங்கோ அறுந்திருக்க வேண்டும், அல்லது விசைச் சுவிட்சின் தொடுமுனைகள் தீப்பொறியால் கருகியிருக்க வேண்டும். தொடுமுனைகள் கியர்பாக்ஸுக்குள் இருப்பவை. உங்கள் மெக்கானிக்கின் பேச்சு அப்போதுதான் பொருந்தும்.

மோட்டார்தான் பழுது என்று தெரிந்தால் அதை வெளியே எடுத்து, கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளதா, அதை அழுத்தும் சிறு ஸ்பிரிங் இடம் விலகியுள்ளதா என்று பாருங்கள். மிக்ஸி மோட்டார் பழுது பார்ப்பவருக்கு இது பழகிய வேலை. புதிய மோட்டார் வாங்குவதானால் நீளத் தண்டு வகை, குட்டைத் தண்டு வகை என இரண்டு பரவலாக உண்டு. எம்-4 வடிவுக்கு நீளத் தண்டு, ஏகே வடிவுக்குக் குட்டைத் தண்டு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளுக்கோ ஓசூர்க் கடைக்கோ செல்லும்போது மோட்டாரை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உண்மையான ஆயுதம் போலவே தோன்றும் ஒன்றைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போவது வேண்டாத வம்பு. காரில் கொண்டுபோக நேர்ந்தாலும் பேட்டரியைக் கழற்றி, மூடிய பையில் வைத்து, டிக்கியில் வையுங்கள்.

முனகல் மட்டும் கேட்கும் நிலைக்குக் காரணம் வேறு. வலுவற்ற பேட்டரி இங்கும் முதல் காரணம். இரண்டாவது, அடித்தட்டில் உள்ள மோட்டார் உயரத் திருகு அளவுக்கு மீறி இறுகி, மோட்டாரின் பல்லைச் சக்கரத்தின் மீது அழுத்துவது. ஆலன் கீயால் கால் சுற்றுத் தளர்த்திச் சோதியுங்கள். அளவுக்கு மீறித் தளர்ந்தால் கீச்சென்ற இரைச்சல் எழுந்து பற்கள் தேயும். மூன்றாவது, கம்பிகளை மீண்டும் மாட்டும்போது நேர், எதிர் மாறிவிடுவது. சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலாதபடி உள்ளே ஒரு தடுப்புக் கொக்கி உண்டு. இணைப்பு மாறினால் மோட்டார் அந்தக் கொக்கியோடு மல்லுக்கட்டும்.

கேள்வி: என் துப்பாக்கியில் மோட்டார் நன்றாக ஓடும் ஓசை கேட்கிறது. குண்டு மட்டும் வெளியே வருவதில்லை. பேட்டரியை 11.1 வோல்ட்டுக்கு மாற்றினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: ஆகாது, இருப்பதும் கெடும். 7.4 வோல்ட்டுக்கு அமைந்த துப்பாக்கியில் 11.1 வோல்ட்டை மாட்டினால் தொடுமுனைகள் விரைவில் கருகும், பிஸ்டனின் பற்களும் உதிரலாம்.

குழல் முனைக்கு நேரே ஒரு தாளைப் பிடித்து, மேகசின் இல்லாமல் சுடுங்கள். தாள் படபடத்தால் காற்று வருகிறது. குறை குண்டு ஊட்டப்படும் வழியில் உள்ளது. நிறையக் குண்டு கொள்ளும் மேகசின்களின் அடியில் ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுழற்றி ஸ்பிரிங்கை முறுக்காவிட்டால் குண்டு மேலே ஏறாது. அடுத்து, குண்டுக்குப் பின்சுழற்சி தரும் ஹாப்-அப் அமைப்பை முழுதாகத் தளர்த்துங்கள். அது இறுகியிருந்தால் குண்டு ரப்பரிலேயே சிக்கி நிற்கும். சிக்கிய குண்டை, பேட்டரியைக் கழற்றிய பிறகு, துப்பாக்கியோடு வந்த பிளாஸ்டிக் கம்பியால் குழல் முனையிலிருந்து மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி குழலின் உட்பரப்பைக் கீறிவிடும்.

குண்டின் தரமும் முக்கியம். 6 மி.மீ. குண்டு என்று சொல்லப்படுவது உண்மையில் ஏறத்தாழ 5.95 மி.மீ.; குழலின் உள்விட்டமோ அதைவிட மயிரிழையே பெரிது. திருவிழாக் கடையில் கிடைக்கும் பொம்மைக் குண்டின் நடுவிலுள்ள தையல் விளிம்பே அதை அடைக்கப் போதும். தரையில் பொறுக்கிய குண்டுகளை மீண்டும் போடவே கூடாது. நம் பக்கத்துச் செம்மண் துகள் அவற்றோடு சேர்ந்து குழலுக்குள் போகும். ரப்பரில் தையல் மெஷின் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். சிலிகான் எண்ணெய் துளியளவு போதும்.

தாள் அசையவே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் கேட்க வேண்டிய ‘டப்’ என்ற அடியும் இல்லை, வெறும் சுழலோசைதான் என்றால் பிஸ்டனின் பற்களோ சக்கரமோ போய்விட்டது. இதற்குக் கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும், பழகியவர் கையால்.

கேள்வி: லித்தியம் பாலிமர் பேட்டரி சற்று உப்பியிருக்கிறது. ஆனாலும் துப்பாக்கி சுடுகிறது. பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கூடாது. உப்பல் என்பது உள்ளே வாயு உருவானதன் அடையாளம். மேலும் ஏற்றினால் தீப்பிடிக்கக்கூடும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது அதைவிட ஆபத்து. மணல் நிரம்பிய உலோக டப்பாவில், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள். புதிய பேட்டரியில் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் முழுதாக ஏற்றாமலும் முழுதாக இறக்காமலும், செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டி அதற்கான இடமல்ல.