காயலில் அரை நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பூஜை விடுமுறை நெருங்குவது கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கேரளக் காயல் பற்றியவை. வள்ளம் எனும் நாட்டுப் படகில் மூன்று நான்கு மணி நேரம், வழியில் கயிறு திரிப்பதையும் பாய் முடைவதையும் பார்த்து, வாழை இலையில் சாப்பிட்டுத் திரும்பும் அரை நாள் பயணத்தைத்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காலையில் போவது நல்லதா, மதியத்திலா? (ஈரோடு)

காலை. எட்டரை மணிக்கு வள்ளத்தில் உட்கார்ந்திருங்கள். ஐப்பசியில் பிற்பகல் ஆனால் இடியும் மழையும் வரும். துலாவர்ஷம் என்று அங்கே அதற்குப் பெயரே உண்டு.

காயல் டூருக்கு எவ்வளவு ஆகும்? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை)

எந்தக் காயல், எத்தனை பேர், எந்த மாதம், எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்று ஒரு விவரமும் எழுதவில்லை. நான் எந்தத் தொகையைச் சொன்னாலும் அது உங்களுக்குப் பொருந்தாது. விலை கேட்பதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். சொல்வது ஆளுக்கா, வள்ளத்துக்கா? சாப்பாடு அதில் சேர்ந்ததா? ஊரிலிருந்து படகுத்துறை வரை வண்டி உண்டா? வள்ளத்தில் எத்தனை பேரை ஏற்றுவார்கள்? நான்காவது கேள்விக்கு மழுப்பினால் மற்ற மூன்றுக்கும் பதில் தேவையில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.

பெற்றோருக்கு எழுபது வயது. கொச்சி வரை அலைக்க முடியாது. பக்கத்தில் ஏதாவது உண்டா? (தென்காசி)

உங்களுக்குக் கொச்சியே தேவையில்லை. செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையில் 2018 முதல் அகலப்பாதை ரயில் ஓடுகிறது. பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டே போய்க் கொல்லத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் மன்றோ தீவு. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் உள்ள எட்டுச் சிறு தீவுகளின் கூட்டம் அது. திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள். இருவரையும் குழப்பிக்கொண்டு மாதம் ஒரு கடிதமாவது வருகிறது.

அங்கே தோடுகள், அதாவது சிறு கால்வாய்கள், மிகக் குறுகல். சில பாலங்களின் அடியில் போகும்போது தலையை முழங்கால் வரை குனிய வேண்டும், பெற்றோருக்கு முதுகு வலி இருந்தால் முன்பே சொல்லிப் பாலம் குறைந்த வழியாகக் கேளுங்கள். வயதானவர்களுக்காக வள்ளத்தில் நாற்காலி போட்டுத் தருவார்கள். அகலமான வள்ளமென்றால் சரி. ஒடுங்கிய வள்ளத்தில் நாற்காலி வேண்டாம், பாரம் மேலே ஏறினால் வள்ளம் ஆடும். ஏறும்போது கால் வள்ளத்தின் நட்டநடுவில் பட வேண்டும். ஓரத்து விளிம்பில் மிதித்தால் அப்படியே சாயும். ஏறி உட்கார்ந்ததும் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிவிடுங்கள்.

ஹவுஸ்போட்டில் ஓர் இரவு தங்குவதற்கும் இந்த அரை நாள் பயணத்துக்கும் என்ன வித்தியாசம்? (சேலம்)

ஹவுஸ்போட்டிலிருந்து காயலைப் பார்க்கலாம். ஊரைப் பார்க்க முடியாது. அவ்வளவு பெரிய படகு தோட்டுக்குள் நுழையாது. மாலை ஐந்தரைக்கு மேல் மீனவர்கள் வலை விரிப்பதால் அது கரையோரம் கட்டப்பட்டுவிடும். கழி ஊன்றிப் போகும் வள்ளத்தில் துணி துவைக்கும் சத்தம், வாத்துக்கூட்டம், கரையில் பாத்திரம் கழுவுகிறவரின் முகம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பணம் குறைவாக இருந்தால் அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் ஆலப்புழை-கோட்டயம் படகில் ஏறுங்கள். இரண்டரை மணி நேரம், பஸ் டிக்கெட் போன்ற கட்டணம்தான்.

மூன்று மணி நேரப் பயணத்தில் முக்கால் மணி நேரத்தைக் கயிறு திரிப்பதைக் காட்டியே வீணாக்கினார்கள். எங்கள் ஊரில் இல்லாத கயிறா? முடிவில் அந்த அம்மாள் காசு வேறு எதிர்பார்த்தார். இது ஏமாற்று இல்லையா? (பொள்ளாச்சி)

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருஷத்துக்கு ஏழெட்டுப் பேராவது இதே பொருளில் எழுதுகிறார்கள். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஊரில் கயிறு உண்டு. ஆனால் அங்கே முற்றிய தேங்காய் மட்டையை இயந்திரத்தில் கொடுத்துப் பழுப்பு நார் எடுக்கிறார்கள். காயல் கரையின் பழைய முறை வேறு. பச்சை மட்டைகளை வலையில் கட்டி, ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழித் தண்ணீரில், சேற்றோடு சேர்த்து ஆறு முதல் பத்து மாதம் அமிழ்த்தி வைப்பார்கள். வெளியே எடுக்கும் நாளில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த மட்டையைப் பெண்கள் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்து, சோற்றை, அதாவது நாரோடு ஒட்டிய துகளை, உதறி நாரைப் பிரிப்பார்கள். இப்படி வருவது வெளிர்பொன் நிற நார். வெள்ளை நார் என்பார்கள். ஆலப்புழையில் 1859-இல் ஜேம்ஸ் டாரா கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காலத்துத் தரைவிரிப்புகளுக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த நார். ஆலப்புழைக் கயிற்றுக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

மட்டை ஊறப்போடுவது தண்ணீரைக் கெடுக்கிறது, சேற்றில் இறங்க ஆளும் கிடைப்பதில்லை. எனவே அந்த வேலை பெருமளவு நின்றுவிட்டது. இப்போது அங்கே திரிக்கப்படும் நாரில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் போகிறது. அந்த அம்மாளின் மடியில் இருந்த நாரே உங்கள் ஊர் மட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர் நாரைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என்ன இருக்கிறது என்று அடுத்த முறை அருகில் நின்று பாருங்கள். ஒருவர் ராட்டைச் சுற்றுகிறார். மற்றவர் ஒரு பிடி நாரை அதன் கொக்கியில் மாட்டிவிட்டுப் பின்னோக்கி நடக்கிறார். மடியில் இருக்கும் நார் இரண்டு கைவிரல்களுக்கிடையே வழிந்து இழையாகிறது. இழை எங்கும் ஒரே பருமன். அவர் இழையைப் பார்ப்பதே இல்லை, தடிப்பும் மெலிவும் விரலுக்குத் தெரிகிறது. முற்றத்தின் கடைசி வரை போய் நின்றதும் இரண்டு இழைகளுக்கு நடுவே பள்ளம் வெட்டிய மரக்கட்டையைச் செருகி, அதை நகர்த்திக்கொண்டே முறுக்கு ஏற்றுகிறார்கள். பிறகு திரும்ப நடந்து, அடுத்த இழை. ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் பின்னோக்கி நடப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் விரல் நுனிகளைப் பார்த்தீர்களா? நார் அறுத்த தழும்புகள் இருக்கும்.

இனிக் காசு விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு குழுவை நானே அழைத்துப் போயிருந்தேன். "எல்லாம் கட்டணத்தில் அடக்கம், யாருக்கும் தனியாகக் கொடுக்காதீர்கள்" என்று ஏற்பாட்டாளர் சொன்னார், நாங்களும் கொடுக்கவில்லை. கயிறு திரித்த அம்மாளிடம் கிளம்பும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். அந்த மாதம் தினமும் இரண்டு குழுக்கள் வந்திருக்கின்றன, அவருக்கு ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ராட்டை நிறுத்தி, விளக்கி, சிறுவர்கள் இழுத்து அறுத்த இழையை மறுபடி கோத்திருக்கிறார். அத்தனையும் அவருடைய வேலை நேரம். அன்றிலிருந்து முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுகிறேன்: கயிறு திரிப்பவருக்கும் பாய் முடைபவருக்கும் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? சொல்லத் தயங்காதவரிடம்தான் பணம் கட்டுவேன். நீங்களும் கேளுங்கள். அவர் கொடுப்பதில்லை என்றால் நீங்கள் அந்த அம்மாளின் கையில் கொடுங்கள். இரண்டு முழம் கயிறு வாங்கினால் இன்னும் நல்லது. அதில் பேரம் பேசாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், அது அவர் வீட்டு முற்றம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஏமாற்று உண்டு. ஏமாந்தவர் நீங்கள் இல்லை.

பிப்ரவரியில் போனோம். தண்ணீர் தெரியாமல் ஒரே ஆகாயத்தாமரை. படத்தில் காட்டிய இடம் அதுவா? (திருச்சி)

அதே இடம்தான். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடுப்பு இருக்கிறது. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், நெற்பயிருக்குள் உப்புநீர் ஏறாதிருக்க 1970களில் கட்டினார்கள். மார்கழி வாக்கில் மூடிச் சித்திரை வரை வைத்திருப்பார்கள். மூடியிருக்கும்போது ஓட்டம் நின்று ஆகாயத்தாமரை பெருகும். திறந்து உப்பு ஏறியதும் கருகும். விவசாயிக்கு மூடியிருக்க வேண்டும், மீனவருக்குத் திறந்திருக்க வேண்டும், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கெட்டுவள்ளம் என்ற பெரிய மரப்படகில் ஆணியே இல்லை என்றார் வழிகாட்டி. நம்பலாமா? (காரைக்குடி)

நம்பலாம். அயினிப் பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்து, மேலே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். அந்தக் கறுப்பு நிறம் அதிலிருந்து வந்தது. ஆனால் நீங்கள் போகும் சிறு வள்ளம் ஃபைபரில் செய்ததாகவும் இருக்கலாம், தட்டிப் பாருங்கள்.

நாங்கள் சைவம். மதியச் சாப்பாட்டில் என்ன கிடைக்கும்? தேங்காய் எண்ணெய் இல்லாமல் சமைக்கச் சொல்லலாமா? (கும்பகோணம்)

மட்ட அரிசிச் சோறு, சாம்பார், அவியல், தோரன், மோர்க்கறி, ஊறுகாய், பப்படம். சைவத்துக்குக் குறையே இல்லை. முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒரே வீட்டு அடுப்பில்தான் மீனும் வேகும், அதில் மனச்சங்கடம் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று மட்டும் கேட்காதீர்கள். அது இல்லாத அவியல் அவியலாகாது. மீன் சாப்பிடுவோருக்கு ஒரு குறிப்பு: குடம்புளி போட்ட மீன்கறி சாப்பாட்டோடு வரும், கரிமீன் பொள்ளிச்சது தனிக் கணக்கு. எடையும் விலையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வள்ளத்தில் கள் குடிக்கலாமா? (மதுரை)

கூடாது. கரைக்கு வந்தபின் ஷாப்பில் உட்கார்ந்து குடியுங்கள்.

பிள்ளைகளுக்கு நன்றாக நீச்சல் தெரியும். புழுக்கத்தில் லைஃப் ஜாக்கெட் அவசியமா? (சென்னை)

அவசியம். 2002 ஜூலையில் முஹம்மையிலிருந்து குமரகம் வந்த படகு இதே வேம்பநாட்டில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றியிருந்தார்கள். சேறும் பாசிக்கொடியும் உள்ள தண்ணீரில், கவிழ்ந்த படகின் அடியில், நீச்சல்குளத்தில் கற்றது உதவாது. ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வதும் இருக்கைக்கு மெத்தையாகப் போடுவதும் அணிந்ததாகாது. எல்லா வார்களையும் கட்டுங்கள். ஒருவருக்கு ஒன்று வீதம் இல்லையென்றால் ஏறாதீர்கள். கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை.

வைக்கம் வழியாகப் போனால் பெரியார் நினைவகத்தையும் சேர்த்துக்கொள்ள முடியுமா? (திருவாரூர்)

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30-இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தை நினைவூட்டுவது அது. பெரியார் அங்கே இரண்டு முறை சிறை சென்றார். தமிழ்நாடு அரசின் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். காலை வள்ளத்தில் போய்ச் சாப்பிட்டு வந்தபின் நிதானமாகப் பாருங்கள். நேரம் மிஞ்சினால் வைக்கம் படகுத்துறையிலிருந்து தவணக்கடவுக்குப் போகும் 'ஆதித்யா' சூரிய சக்திப் படகில் அக்கரை போய்த் திரும்புங்கள். இந்தியாவின் முதல் சூரியப் பயணிகள் படகு, 2017 முதல் ஓடுகிறது. இஞ்சின் இரைச்சல் இல்லாமல் வேம்பநாட்டைக் கடப்பது தனி அனுபவம். ஜாக்கெட் அங்கேயும்தான்.

கொல்லம் பக்கம் தாழம்பாய் ஒன்று வாங்கினேன். ஆறு மாதத்தில் ஓரம் பிரிந்து கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. தரக் குறைவா? (நாகர்கோவில்)

எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. மடித்துப் பரணில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொல்லம் மாவட்டத்துத் தழவா ஊர்ப் பக்கத்துப் பாயென்றால் உழைப்பு நிறைய. தாழை ஓலையின் இரண்டு விளிம்பிலும் நடு நரம்பிலும் உள்ள முள்ளைச் சீவி, பதப்படுத்தி, வெயிலில் உலர்த்தி, ஒரே அகலத்தில் கிழித்தபிறகே முடையத் தொடங்குவார்கள். அந்த ஓலைக்கு ஈரமும் மடிப்பும் ஆகாது. கறுப்புப் புள்ளி பூஞ்சணம். உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் ஒரு மணி நேரம் காட்டுங்கள், உச்சி வெயில் வேண்டாம், ஓலை நொறுங்கும். பிரிந்த ஓரத்தைத் துணிப்பட்டை வைத்துத் தைத்துவிடலாம். பிறகு சுருட்டி, சுவரில் சாய்த்து நிறுத்தி வையுங்கள்.