டயாலிசிஸ் கருவிக்கு முன் மருத்துவமனையின் கடிதத்தை வாங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் உள்ளது. மறைந்த ஆசிரியர் ஒருவரின் நினைவாக, அவரிடம் படித்த மாணவர்கள் சேர்ந்து ஏழு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கருவி ஒன்று வாங்கித் தர விருப்பம். அதே தொகைக்குப் புதுப்பிக்கப்பட்ட இரண்டு கருவிகள் தருவதாகவும், தமக்குத் தெரிந்த அறக்கட்டளையின் பெயரில் வரிச்சலுகை ரசீது வாங்கித் தருவதாகவும் முகவர் ஒருவர் கூறுகிறார். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பழைய மாணவர்களும் பணம் அனுப்ப அணியமாக உள்ளனர். எப்படிச் செய்தால் பணம் வீணாகாது? ஆசிரியரின் பெயரைக் கருவியில் பொறிக்க முடியுமா?

பதில்: முகவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. உங்கள் வேலையின் வரிசையில் அவருக்கு இன்னும் இடம் வரவில்லை. மருத்துவமனை தனக்கு என்ன குறை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே விலைப்புள்ளி, அதற்குப் பிறகே பணம். நன்கொடையாக வந்த கருவிகளில் உறை பிரிக்காமலே வராந்தாவில் நிற்பவை பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழானதால் நிற்பவைதான். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் நல்ல மனத்தோடு வாங்கிக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜன் செறிவூட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டாமல் வைத்தால் அவற்றின் உள்ளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் ஜியோலைட் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும் என்பதைக் கொடுத்தவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை, வாங்கியவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

டயாலிசிஸ் கருவியின் சங்கடம் அதைவிடப் பெரியது. ஒரு நோயாளிக்கு ஒருமுறை இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வழக்கமாக நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் கரைசல் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டால் 120 லிட்டர். இந்தக் கரைசலுக்கான நீர் குடிநீரை விடத் தூய்மையாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் நாம் குடிக்கும் நீர் குடலைத் தாண்டித்தான் இரத்தத்துக்குப் போகிறது. இங்கோ ஒரு மெல்லிய சவ்வுக்கு இப்பக்கம் இரத்தம், அப்பக்கம் இந்த நீர். நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் நோயாளிக்கு வாந்தியும் இரத்த அழுத்த ஏற்றமும் வரும். குளோரின் தங்கிவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். வாணியம்பாடியிலிருந்து இராணிப்பேட்டை வரை பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் பதனிடும் தொழிலால் எப்படி உப்பேறியிருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கருவிக்குப் பின்னால் நீரைச் சுத்திகரிக்க ஓர் ஆர்.ஓ. நிலையம் இருக்க வேண்டும். அதில் உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கு கழிவாகவே வெளியேறும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் அந்த ஆர்.ஓ. எந்த நீரை நம்பி ஓடும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் தடுமாறினால், உங்கள் ஏழு லட்சம் போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டியும் சுத்திகரிப்பு நிலையமும்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கருவி நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு ஆறு நாள் ஓடினால் வாரத்துக்கு 18 சுத்திகரிப்புகள். வாரம் மும்முறை தேவைப்படும் நோயாளிகள் என்றால் ஆறு பேர், இருமுறை என்றால் ஒன்பது பேர். இத்தனை பேருக்கும் இரத்தத்தை வடிகட்டும் டயலைசர், இரத்தக் குழாய்த் தொகுதி, ஊசிகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், கரைசல் ஆகியவை ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடம் இருப்பதால் அந்தத் தொகையிலிருந்து மருத்துவமனை சமாளிக்கலாம். ஆனால் பயிற்சி பெற்ற டெக்னீசியன் பணியிடத்தை நன்கொடையாளர் உருவாக்க முடியாது. மாட்டை வாங்கித் தந்துவிட்டுத் தீவனத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்க மறந்த கதையாக ஆகிவிடக் கூடாது. மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு ஏற்கெனவே நடந்து, நோயாளிகள் முறைக்காகக் காத்திருந்தால் மட்டும் கருவி கொடுங்கள். அதுவும் அங்கே ஏற்கெனவே ஓடும் அதே தயாரிப்பாக இருக்கட்டும். பிரிவே இல்லாத இடத்தில் ஒற்றைக் கருவியைக் கொண்டுபோய் இறக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

யாருக்கு எழுதுவது என்பதிலேயே பாதிப் பேர் களைத்துப் போகிறார்கள். வேலூர் அருகே அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. தாலுகா மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். அவற்றுக்கு மாவட்ட அளவில் நலப்பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையங்களோ பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை; அங்கே மாவட்ட சுகாதார அலுவலரைப் பார்க்க வேண்டும். நோயாளிக்கு எல்லாம் ஒரே அரசு மருத்துவமனைதான், கோப்புக்கு மட்டும் மூன்று வாசல்கள். போதாக்குறைக்கு 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பிறகு, எல்லை ஊர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் வேலூருக்கே மனுவை எடுத்துக்கொண்டு போய், 'இது எங்களுடையதல்ல' என்ற ஒரு வரிக்காகப் பாதி நாள் நிற்கிறார்கள். இலவசமாகக் கொடுக்க வருபவரை நாற்காலி போட்டு உட்கார வைக்காவிட்டாலும், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று ஒரு பலகையாவது எழுதி வைக்கலாம். அதைக்கூட நாம் செய்வதில்லை, முகவர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

உங்களுடையது தாலுகா மருத்துவமனை என்றால், தலைமை மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலை இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். கடிதத்தில் 'கருவி தர விரும்புகிறோம்' என்று எழுதாமல், 'இன்ன தொகை எங்களிடம் உள்ளது. தங்கள் மருத்துவமனையின் முதன்மையான மூன்று தேவைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்' என்று எழுதுங்கள். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தோடு வந்த ஏற்பாடு அது. உங்கள் விண்ணப்பத்தை அதன் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போனாலும் தீர்மானம் அங்கேயே இருக்கும்.

இப்போது முகவர்களிடம் வருகிறேன். புதுப்பிக்கப்பட்ட கருவி என்றால், அது எந்த ஆண்டு தயாரானது, எத்தனை மணி நேரம் ஓடியது, வரிசை எண் என்ன, தயாரித்த நிறுவனம் அந்த எண்ணுக்கு இன்னமும் பராமரிப்பு தருமா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கருவியின் மணிக்கணக்கை அதன் திரையிலேயே பார்க்க முடியும். வர்ணம் பூசிய பெட்டியைக் காட்டி 'புதுசு மாதிரி' என்று சொல்வதற்கு மதிப்பில்லை. நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாமல் வெளியாள் திறந்து பழுது பார்த்த கருவியைத் தொடவே பல நிறுவனங்கள் மறுக்கும். அதன் பிறகு உதிரிப்பாகத்துக்கும் அதே முகவரிடம்தான் நீங்கள் கையேந்த வேண்டும். இரண்டு கருவி கிடைக்கிறது என்ற ஆசையில், இரண்டு ஆண்டு கழித்து இரண்டும் ஓடாத நிலை வரும். ஆய்வகக் கருவிகளில் இதற்கு நேர்மாறான பொறி உண்டு: கருவியை மிகக் குறைந்த விலைக்கு, சில சமயம் இலவசமாகவே தருவார்கள், ஆனால் அதற்கான வேதிப்பொருளை அவர்களிடம் மட்டுமே, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். நன்கொடையாளரின் பெயர் கருவியின் நெற்றியில் இருக்க, மருத்துவமனை மாதாமாதம் கப்பம் கட்டும். விலைப்புள்ளியில் வரி, நிறுவும் செலவு, மின்சாரம் நின்றால் தாங்கும் யூ.பி.எஸ்., பயிற்சி ஆகியவை அடக்கமா என்பதையும் பாருங்கள். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. எனவே ரொக்கம் கேட்பவர் எதையோ மறைக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் சரிப்படவில்லை என்றவுடன், 'அப்படியானால் ஸ்கேன் கருவி கொடுங்கள்' என்று அதே முகவர் பேச்சை மாற்றக்கூடும். கருவிலுள்ள குழந்தையின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை விற்பதும் கொடுப்பதும் குற்றம். தானம் என்பதால் விலக்கு இல்லை. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இரண்டையும் உங்களைப் போன்ற குழு தொடாமல் இருப்பதே நல்லது.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் இதில் தேவையற்ற பயமும் தேவையற்ற துணிச்சலும் சம அளவில் இருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்றுதான் பார்க்கிறது. துபாயில் இருபது ஆண்டாக வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். அமெரிக்காவில் பச்சை அட்டை (கிரீன் கார்டு) மட்டும் பெற்று இந்தியக் குடிமகனாகவே இருப்பவருக்கும் இதே நிலைதான். ஆனால் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊரிலேயே பிறந்து அதே ஆசிரியரிடம் படித்தவரானாலும், வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் என்று பொறித்த ஓ.சி.ஐ. அட்டையைக் கையில் வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் விடுமுறையில் ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. துபாய் மாணவர் சொந்தக் கணக்கை விட்டுவிட்டு, அங்கே நடத்தும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து அனுப்பினால் அதுவும் அப்படியே, உரிமையாளர் இந்தியராக இருந்தாலும். அவர் அங்கே நண்பர்களிடம் உண்டியல் வைத்து வசூலித்து அனுப்புவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். அனுமதியின்றிப் பொது வசூல் செய்வதை அந்த நாட்டுச் சட்டமே தடுக்கிறது. எனவே, பணம் அனுப்பும் ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டின் முதல் பக்க நகலையும், 'என் சொந்தச் சேமிப்பிலிருந்து தருகிறேன்' என்ற ஒரு வரிக் கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். குடியுரிமை மாறியவர்களின் பணத்தை உங்கள் குழு வாங்கவே கூடாது. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற மருத்துவமனைக்கோ அறக்கட்டளைக்கோ அவர்கள் நேரடியாக அனுப்பட்டும். அப்படிப் பெற்ற பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தர 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தராததால், 'எங்கள் அறக்கட்டளையில் வாங்கி உங்களிடம் தருகிறோம்' என்று சொல்பவரையும் நம்பாதீர்கள்.

வரிச்சலுகைக்காக முகவரின் அறக்கட்டளையைச் சுற்றிப் போவது வீண். பொருளாகக் கொடுத்தால், 80-ஜி என்று அறியப்படும் நன்கொடை வரிச்சலுகை கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். கொடுத்ததைவிடக் கூடுதல் தொகைக்கு ரசீது தருகிறேன் என்பவர் உங்களைக் குற்றத்தில் பங்காளியாக்குகிறார்.

கருவிக்குப் பதிலாகக் கட்டட வேலை செய்யலாம் என்று மருத்துவமனை சொன்னால் மனம் தளராதீர்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கிறது. உங்கள் ஏழு லட்சம் 21 லட்ச ரூபாய் வேலையாகலாம். நோயாளிகளுடன் வருபவர்கள் தங்கும் கூடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை திறப்பு விழாப் புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியாது என்பதால் யாரும் கொடுப்பதில்லை, தேவையோ அங்கேதான் அதிகம். நடப்பு ஆண்டில் ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா, மருத்துவமனை வளாகத்தில் அந்த வேலையை எடுக்க முடியுமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

பெயர் பொறிப்பதைப் பொறுத்தவரை, நிர்வாகத்தின் ஒப்புதலோடு சிறு பலகை வைக்கலாம். ஆனால் டயாலிசிஸ் கருவி பத்தாண்டு ஓடினால் அதிகம். கழித்துக் கட்டும் நாளில் பலகையும் அதோடு போகும். வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் திறந்த 40 படுக்கை மருத்துவமனைக்கு, ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். ஆரணி சாலையில் இன்றும் மக்கள் ஷெல் கண் மருத்துவமனை என்றுதான் வழி சொல்கிறார்கள். ஆசிரியரின் பெயர் நிலைக்க வேண்டும் என்பது முதல் நோக்கமானால், சுவருள்ள ஒன்றுக்குக் கொடுங்கள்.

கருவிதான் என்று முடிவானால், மருத்துவமனை எழுதித் தரும் விவரக்குறிப்பின்படி குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் வாங்குங்கள். தொகையைக் குழுவில் இருவர் கூட்டுக் கையெழுத்திட்டு இயக்கும் வங்கிக் கணக்கிலிருந்து நேரே நிறுவனத்துக்குச் செலுத்துங்கள். நடுவில் எவர் கணக்கும் வரக் கூடாது. உதிரிப்பாகமும் அடங்கிய முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால் கருவி வாங்கவும் பணம் போதவில்லை என்றே பொருள். உத்தரவாதக் காலம் விலைப்பட்டியல் போட்ட தேதியிலிருந்து ஓடத் தொடங்குமா, கருவியை நிறுவி முதல் நோயாளிக்குப் பயன்படுத்திய தேதியிலிருந்தா என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள், ஏனென்றால் மின் இணைப்புக்கும் ஒப்புதலுக்கும் காத்திருப்பதிலேயே முதல் ஆண்டின் பாதி கரைந்துவிடும். ஒப்படைக்கும் நாளில் மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு பதியச் செய்து, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்ட பிறகு கடைசித் தவணையை விடுவியுங்கள்.