மொரீஷியஸில் இப்போது நேரலையில் அதிகம் பேர் பார்க்கும் சேனல்களை ஏபிஐ மூலம் எடுப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது: காத்ர் போர்னில் உள்ள சங்கத்தின் வலைப்பக்கத்தில், தைப்பூசக் காவடியன்று எந்த யூடியூப் சேனல்கள் நேரலையில் இருக்கின்றன, எதை அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று தானாகக் காட்ட வேண்டும். ஆனால் ஏபிஐயை (ஒரு தளத்தின் தரவை நிரல் வழியே கேட்டு வாங்கும் வழி) கூப்பிட்டால் காலை பத்து மணிக்கே 403 பிழை (அனுமதி மறுப்பு) வந்துவிடுகிறது. இன்னொரு நேரலைத் தளமான ட்விட்ச்சுக்கும் இதே வழிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 403. பதிலாக வரும் ஜேசனில் (ஏபிஐ விடை தரும் எழுத்து வடிவம்) ‘ரீசன்’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘கோட்டா எக்ஸீடட்’ என்றிருந்தால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. வேறு ஏதாவது இருந்தால், பெரும்பாலும் கூகுள் கிளவுட் கன்சோலில் யூடியூப் டேட்டா ஏபிஐயை இயக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது கீ-க்கு (ஏபிஐயைக் கூப்பிட கூகுள் தரும் ரகசியக் குறியீடு) போட்ட கட்டுப்பாடு உங்கள் சர்வரையே தடுக்கும். நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்துப் பார்த்தால் கோட்டாதான்.

வழக்கமாக ஒரு புராஜெக்டுக்கு நாளொன்றுக்கு 10,000 யூனிட். தேடும் கட்டளையான ‘சர்ச் லிஸ்ட்’டை ஒருமுறை கூப்பிட்டால் 100 யூனிட் போகும். அடுத்த பக்கம் கேட்டால் இன்னொரு 100. ஆக, ஒரு நாளைக்கு 100 தேடல்தான். அந்த ‘நாள்’ கலிஃபோர்னியா நள்ளிரவில் தொடங்குகிறது. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அது மொரீஷியஸில் பகல் 12 மணி. கலிஃபோர்னியாவில் கோடை நேரம் நடக்கும் மாதங்களில் 11 மணி. ஆகவே காவடியன்று காலையில் நீங்கள் செலவழிப்பது முந்தைய நாள் நண்பகலில் கிடைத்த யூனிட்டின் மிச்சம். முதல்நாள் இரவு உட்கார்ந்து பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்தால், காவடிகள் கோவிலை நெருங்கும் வேளையில் பக்கம் வெறுமையாக நிற்கும். சோதனையையெல்லாம் முதல்நாள் பகல் 12 மணிக்குள் முடித்துவிடுங்கள். இதற்காக இரண்டாவது புராஜெக்ட் திறந்து கோட்டாவைப் பெருக்கிக்கொள்ள நினைக்க வேண்டாம். யூடியூப் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

பார்வையாளரின் பிரவுசரே ஏபிஐயைக் கூப்பிடுகிறதா? அப்படியானால் நூறு பேர் பக்கத்தைத் திறந்ததும் கதை முடிந்தது. கீயும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். உங்கள் சர்வர் மட்டும் கூப்பிட்டு விடையை ஒரு கோப்பில் எழுதி வைக்கட்டும், பக்கம் அந்தக் கோப்பைப் படிக்கட்டும். கீயை சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள்.

அடுத்து, கண்டுபிடிக்கும் வேலையையும் எண்ணும் வேலையையும் பிரித்துவிடுங்கள். தேடல் விலை அதிகம், எண்ணுவது மலிவு. தேடலில் ‘டைப்’ என்பதற்கு வீடியோ, ‘ஈவன்ட்டைப்’ என்பதற்கு லைவ், ‘ஆர்டர்’ என்பதற்கு வியூகவுன்ட், ‘மேக்ஸ்ரிசல்ட்ஸ்’ 50 என்று கொடுங்கள். டைப்பை விட்டுவிட்டு ஈவன்ட்டைப்பை மட்டும் கொடுத்தால் பிழை வரும். நடந்துகொண்டிருக்கும் நேரலைகளுக்கு இந்த ‘வியூகவுன்ட்’ வரிசை, அந்த நேரத்தில் பார்ப்பவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அமைகிறது.

தேடுசொல்லில் கவனம் வேண்டும். நம் ஊரில் காவடியை ஆங்கில எழுத்தில் சி-யில் தொடங்கி இரண்டு ஈ-யில் முடிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் கே-யில் தொடங்குவார்கள். தைப்பூசத்துக்கு ஒருவர் இரண்டு ஓ போடுவார், இன்னொருவர் ஒரு யூ. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினால் 400 யூனிட் காலி. எல்லாவற்றையும் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு ஒரே தேடலில் சேருங்கள். ‘அல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கோட்டை முகவரியில் அப்படியே விடாமல் யூஆர்எல் குறியீடாக மாற்றி அனுப்புங்கள். தமிழ் எழுத்தில் ‘காவடி’யையும் சேர்க்க மறக்காதீர்கள்.

‘ரீஜன்கோட்’டில் மொரீஷியஸைக் கொடுத்தால் மொரீஷியஸ் சேனல்கள் மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மொரீஷியஸில் பார்க்க முடிகிற வீடியோக்களைத்தான் தரும். பத்து மலையும் வரும், பழனியும் வரும். உள்ளூர்ச் சேனல்களுக்கு நம்பகமான வழி, நீங்களே கையால் ஒரு பட்டியல் வைத்துக்கொள்வதுதான். சேனல் ஐடியின் முதல் இரண்டு எழுத்து யூ-சி. அதை யூ-யூ ஆக்கினால் அந்தச் சேனலின் பதிவேற்றப் பிளேலிஸ்ட் ஐடி கிடைக்கும். அதில் உள்ள வீடியோக்களைத் தரும் ‘பிளேலிஸ்ட் ஐட்டம்ஸ்’ கூப்பிட 1 யூனிட்தான். தேடலில் தலைகாட்டத் தாமதமாகும் நேரலைகூட இதில் சிக்கும்.

கிடைத்த வீடியோ ஐடிகளை, வீடியோ விவரம் தரும் ‘வீடியோஸ் லிஸ்ட்’டுக்கு ஐம்பது ஐம்பதாக அனுப்புங்கள். ஒரு கூப்பிடலுக்கு 1 யூனிட். ‘லைவ் ஸ்ட்ரீமிங் டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘கன்கரன்ட் வியூவர்ஸ்’ இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான். ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ பகுதியில் வரும் வியூகவுன்ட் மொத்தப் பார்வை, அதைப் போட்டால் வரிசையே தப்பாகும். இன்னொன்று: அந்த எண் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வருகிறது. எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 98 பேர் பார்ப்பது 1,200 பேர் பார்ப்பதற்கு மேலே போய் உட்காரும். சேனல்காரர் எண்ணிக்கையை மறைத்திருந்தால் அந்தப் புலமே வராது. அதைப் பூஜ்யம் என்று காட்டாதீர்கள், வெறுமையாக விடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை மணிக்கு ஒரு தேடல் என்றால் ஒரு நாளைக்கு 4,800 யூனிட். 20 உள்ளூர்ச் சேனல்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் 2,880. ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ‘வீடியோஸ் லிஸ்ட்’ என்றால் 576. மொத்தம் 8,256. மிச்சம் 1,744, எதிர்பாராததற்குப் போதும்.

ட்விட்ச்சில் வேலை எளிது. டெவலப்பர் கன்சோலில் ஆப் பதிவு செய்ய உங்கள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இயங்க வேண்டும். கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் கொடுத்து ‘கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ்’ முறையில் டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்குங்கள். இதற்குப் புதுப்பிக்கும் டோக்கன் கிடையாது. காலம் முடிந்தால் மறுபடி வாங்க வேண்டும். ட்விட்ச்சின் இப்போதைய ஏபிஐயான ஹீலிக்ஸில் ‘ஸ்ட்ரீம்ஸ்’ பட்டியல் கேட்காமலேயே பார்வையாளர் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் வரும், பக்கத்துக்கு 100 வரை. டோக்கனும் கிளையன்ட் ஐடியும் ஒரே ஆப்புடையதாக இல்லாவிட்டால் 401 பிழை வரும். பழைய வழிகாட்டிகளில் உள்ள கிராக்கன் (ட்விட்ச்சின் முந்தைய ஏபிஐ) முகவரிகள் 2022 பிப்ரவரியோடு நின்றுவிட்டன, அவற்றைப் பார்த்து எழுத வேண்டாம். நாட்டுவாரியாக வடிகட்ட வழியில்லை. மொழி, ஒளிபரப்புபவரே குறித்துவைப்பது. நீங்கள் பக்கம் பக்கமாகப் போகும்போதே பார்வையாளர்கள் வந்து போவதால் ஒரே சேனல் இரண்டு பக்கத்தில் வரலாம், ஒன்று விட்டும் போகலாம். யூசர் ஐடியை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். தொடங்கிய நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், மொரீஷியஸ் நேரத்துக்கு 4 மணி நேரம் கூட்டிக் காட்டுங்கள்.