மாணவர் இணைய வானொலி: கேள்வி பதில்

மாணவர்கள் நடத்தும் இணைய வானொலி பற்றியும், பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடம் செய்தி சேர்க்கும் வழிகள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, முதலில் மாணவனாகவும் பின்னர் ஆலோசகனாகவும் ஒலிப்பதிவு அறையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பண்பலை உரிமம் பெறும் வசதி இல்லை. இணையத்தில் தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே வேண்டும். இரண்டு மைக், அவற்றின் ஒலியைக் கலக்கும் ஒரு சிறிய மிக்சர் கருவி, ஒரு மடிக்கணினி போதும். மடிக்கணினியில் நிறுவும் பட் (BUTT), மிக்ஸ் (Mixxx) போன்ற இலவச மென்பொருள் ஒலியைச் சுருக்கி, இணையத்தில் எப்போதும் இயங்கும் வழங்கிக் கணினிக்கு (server) அனுப்பும். அங்கே ஐஸ்காஸ்ட் (Icecast) என்ற ஒலிபரப்பு மென்பொருள் அதைப் பெற்று, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பும். செலவு அந்தத் 'தனித்தனியே' என்ற சொல்லில்தான் இருக்கிறது. பண்பலையில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்கு ஒரே வேலைதான். இணையத்திலோ நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் 200 பேர் கேட்டால், வழங்கியிலிருந்து நொடிக்கு 25.6 மெகாபிட் வெளியேற வேண்டும், கேட்பவருக்கும் மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். பேச்சு நிகழ்ச்சிகளுக்கு 64 கிலோபிட் தாராளம். கையில் பணம் மிஞ்சினால் விலையுயர்ந்த மைக்கைத் தேடாமல் அறைக்குத் தடித்த திரைச்சீலை வாங்குங்கள். எதிரொலிக்கும் அறையை எந்த மைக்கும் காப்பாற்றாது.

கேள்வி (மாணவர் நலப் பிரிவு அலுவலர்): மின்னஞ்சலை மாணவர்கள் திறப்பதே இல்லை. தேர்வுக் கட்டணத்திற்கான கடைசி நாள் போன்றவற்றை வானொலியில் வாசித்துவிட்டால் போதுமா?

போதாது. ஒரு மாணவர் அபராதம் கட்ட நேரும்படியான செய்தி எதுவாயினும் அது எழுத்தில், தேதியுடன், பிறகு தேடி எடுக்கக்கூடிய ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். காற்றோடு போகும் அறிவிப்பைக் கேட்கவில்லை என்று மாணவர் சொன்னால், அவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: மின்னஞ்சலை ஏன் திறப்பதில்லை? நான் பார்த்தவரை, கட்டண அறிவிப்பும் கருத்தரங்க அழைப்பும் வாழ்த்துச் செய்தியும் ஒரே முகவரியிலிருந்து, ஒரே தோரணையில் வருவதால், எதைத் திறக்காவிட்டால் நட்டம் என்று மாணவருக்குத் தெரிவதில்லை. அதை வானொலியால் சரிசெய்ய முடியாது. அனுப்புவதைக் குறைப்பதும், தலைப்பிலேயே தேதியையும் செய்ய வேண்டியதையும் எழுதுவதும்தான் சரிசெய்யும்.

வானொலி உதவுவது அடுத்த கட்டத்தில். நாங்கள் ஒருமுறை விடுதி விதி மாற்றம் பற்றிய சுற்றறிக்கையை வாசிக்காமல், அதை எழுதிய அலுவலரையே அழைத்து, மாணவர்கள் முன்கூட்டி அனுப்பியிருந்த கேள்விகளை அவரிடம் கேட்டோம். மூன்றாவது கேள்வியிலேயே சுற்றறிக்கையின் ஒரு பத்தி இரண்டு பொருள் தருவது வெளிப்பட்டது. மறுநாள் திருத்திய அறிக்கை வந்தது. பதில் கேள்வி கேட்க முடியாத அறிவிப்புப் பலகையால் இது நடந்திருக்காது.

கேள்வி: அப்படியானால் நெருக்கடி நேரத்தில் எச்சரிக்கை விடுக்க வானொலியைப் பயன்படுத்தலாமா?

முதன்மை வழியாக வேண்டாம். ஐஸ்காஸ்ட் புதிதாக இணைபவருக்குத் தடையின்றித் தொடங்குவதற்காகச் சற்று முன்பு ஒலித்த பகுதியையும் சேர்த்தே அனுப்புகிறது. வழக்கமான அமைப்பில் அது ஏறத்தாழ 64 கிலோபைட். அதனால் 128 கிலோபிட் ஒலிபரப்பில் கேட்பவர் 4 நொடி பின்தங்குவார், 64 கிலோபிட்டில் 8 நொடி. கேட்பவரின் செயலி சேமித்து வைப்பதும் சேரும்போது தாமதம் அரை நிமிடத்தைத் தொடக்கூடும். அதைவிட முக்கியமாக, அந்த நேரத்தில் வானொலியைத் திறந்து வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

கேள்வி: இணையத்தில் முதலில் ஒலிபரப்பியது எந்த நிலையம்?

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்து மாணவர் வானொலியான டபிள்யூஎக்ஸ்ஒய்சி 1994 நவம்பர் 7 அன்று தன் ஒலிபரப்பை இணையத்திலும் அனுப்பத் தொடங்கியது. முதல் நிலையம் என்ற பெருமை பொதுவாக அதற்கே தரப்படுகிறது. இந்தத் துறையில் மாணவர்கள் பின்தொடர்ந்து வந்தவர்கள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி: திரைப்பாடல்களை ஒலிபரப்பலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. இலாப நோக்கமில்லை என்பது விலக்கு ஆகாது. பாடலுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் உரிமை தனித்தனி என்பதையும், பதிவு செய்து பின்னர் தரவிறக்க வைத்தால் பெரும்பாலும் மேலும் ஓர் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் மாணவர் இசைக்குழுக்களிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுவது எளிது.

கேள்வி: ஒவ்வொரு நிகழ்ச்சியின் பிரதியையும் முன்கூட்டியே காட்டும்படி நிர்வாகம் கேட்கிறது. மறுத்தால் அறையைப் பறித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம்.

அச்சம் நியாயமானது, அறையும் இணைப்பும் அவர்களுடையவை. ஆயினும் முன்தணிக்கைக்கு ஒப்புக்கொண்ட வானொலியை மாணவர்கள் இரண்டே வாரத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள், அதன்பின் நிர்வாகத்திற்கும் அதனால் பயனில்லை. இதையே அவர்களிடம் சொல்லுங்கள். மாற்றாக ஒரு பக்க உடன்பாட்டை முன்வையுங்கள்: குற்றம் சாட்டப்படுபவருக்கு அதே நிகழ்ச்சியில் பதில் சொல்ல இடம் உண்டு, தவறு நேர்ந்தால் அதே நேரத்தில் திருத்தம் ஒலிபரப்பாகும், எல்லா நிகழ்ச்சிகளின் பதிவும் குறிப்பிட்ட காலம் பாதுகாக்கப்படும், உள்ளடக்கத்திற்குப் பொறுப்பான மாணவர் ஆசிரியர் இன்னார். சிக்கல் வருவதற்கு முன்பே இது கையெழுத்தாகிவிட வேண்டும். சிக்கல் வந்த பிறகு எழுதும் விதி அந்தச் சிக்கலுக்கான தண்டனையாகவே அமையும்.

கேள்வி: எனக்குச் செவித்திறன் குறைவு. வானொலியில் எனக்கு என்ன இருக்கிறது?

இதுவரை பெரும்பாலான நிலையங்களில் எதுவும் இல்லை, அது எங்கள் தவறு. பேச்சு நிகழ்ச்சிகளின் எழுத்து வடிவம் அன்றே வெளியாக வேண்டும். தானியங்கி எழுத்தாக்கத்தை ஒருவர் படித்துத் திருத்தினால் போதும். பெயர்களையும் தேதிகளையும்தான் அது அதிகம் கெடுக்கும், மாணவர்களுக்கு வேண்டியவையும் அவையே.

கேள்வி: மூத்த மாணவர்கள் படிப்பு முடித்துப் போனதும் எங்கள் நிலையம் இருமுறை நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

வழங்கியின் கடவுச்சொல்லும் நிலையத்தின் இணைய முகவரிப் பதிவும் எவருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. நிலையத்தின் பெயரிலான பொதுக் கணக்கிற்கு இன்றே மாற்றுங்கள். இறுதியாண்டு மாணவர் கடைசிப் பருவத்தில் கருவியைத் தொடாமல் அருகில் மட்டும் உட்காரட்டும், இரண்டாமாண்டு மாணவர் நடத்தட்டும். ஒலிபரப்பு சில முறை தடைபடும், பரவாயில்லை.